வரிசை அறிதல்

1

பட்டியல் போடுகிறவனை விமர்சகனாக ஏற்பதில் நம்மிடையே நெடுநாளாக ஒரு தயக்கம் இருந்துவருகிறது. க.நா.சு.வைப் பற்றிப் பேச்சு வந்தால் 'பட்டியல்' என்ற சொல் உடனே வந்து விழும், அதுவும் வசையாக. அவரும் சளைக்காமல் போட்டுக்கொண்டேதான் இருந்தார் - நல்ல நாவல்கள், நல்ல சிறுகதைகள், படித்தே ஆகவேண்டிய உலகப் புத்தகங்கள். விடுபட்டவர்கள் கோபித்துக்கொண்டார்கள். இடம்பெற்றவர்களும் தம் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார்கள். 1959-ல் 'எழுத்து'வைத் தொடங்கிய செல்லப்பா, ரசனையைச் சொல்லிவிட்டுப் போகிற விமர்சனம் போதாது, படைப்பை அலசிக் காட்டவேண்டும் என்ற கட்சியில் நின்றார். க.நா.சு.வுக்கு அலசலில் நம்பிக்கை இல்லை. நல்லதை இனங்கண்டு பெயர் சொல்வதுதான் விமர்சகனின் முதல் வேலை என்று கருதினார். இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இதே வழக்கு மேல்நாட்டில் ராக் இசையைச் சுற்றி நடந்திருக்கிறது. 'எல்லாக் காலத்துக்குமான சிறந்த இசைத்தட்டுகள்' என்ற தலைப்பில் 1970களிலிருந்து பட்டியல்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. இலக்கியப் பத்திரிகையில் ராக் பற்றி என்ன பேச்சு என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். ஒரு கலை தன் கிளாசிக்குகளைத் தானே தேர்ந்துகொள்ளும் காரியத்தை, நூற்றாண்டுகளில் நடக்கவேண்டியதை, ஐம்பது வருஷத்தில் நம் கண்முன்னே நடத்திக் காட்டியது ராக். இன்னொன்று, 2002-ல் தமிழர்களும் இதேமாதிரி விளையாட்டு ஒன்றில் இறங்கினார்கள். அதில் வென்றார்களா தோற்றார்களா என்பது யோசிக்கவேண்டிய விஷயம்.

2

தரம் பார்த்து நிறுத்துவது நமக்கு அந்நியம் என்று யாரும் நினைக்கவேண்டாம். புறநானூற்றில் 121-ஆம் பாட்டு கபிலர் மலையமான் திருமுடிக்காரியை நோக்கிப் பாடியது. ஒரு வள்ளலைத் தேடி நாலு திசையிலிருந்தும் பரிசிலர் வருகிறார்கள். அள்ளிக் கொடுப்பது சுலபம், அவரவர் வரிசை அறிந்து கொடுப்பதுதான் கஷ்டம். ஆகையால் புலவர்களை எல்லாம் ஒரே கண்ணால் பார்ப்பதை விட்டுவிடு என்று சொல்கிறார். விமர்சனம் என்ற காரியத்தைப் பற்றித் தமிழில் இதைவிடக் கறாராகச் சொல்லப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தாராள மனசு ஒரு குணம்; தரம் தெரிவது வேறு ஒரு குணம். முன்னது இருப்பதனாலேயே பின்னது வந்துவிடாது.

ஆனால் நம் மரபில் வரிசை பெரும்பாலும் ஏணியாக இருந்ததில்லை. எட்டுத்தொகை நூல்களை எண்ணிச் சொல்லும் பழைய வெண்பா சில நூல்களுக்கு ஒவ்வொரு அடைமொழி கொடுக்கிறது. எதையும் எதற்கும் மேலே வைப்பதில்லை. இன்னொரு தனிப்பாட்டு வெண்பாவுக்குப் புகழேந்தி, பரணிக்குச் சயங்கொண்டான், விருத்தத்துக்குக் கம்பன், வசைக்குக் காளமேகம் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறது. அவரவர் நிலம் அவரவருக்கு. புகழேந்தி பெரியவரா கம்பன் பெரியவனா என்ற கேள்வியை அந்தப் பாட்டு சாமர்த்தியமாகத் தவிர்த்துவிடுகிறது. சாமர்த்தியத்தை மெச்சலாம், ஆனால் கபிலர் கேட்டது இதை அல்ல என்பதையும் கவனிக்கவேண்டும்.

இந்தப் பழக்கம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஆடி மாதத்தில் எங்கள் மாடம்பாக்கத்தில் கூழ் ஊற்றும் இடங்களில் மைக்செட்காரர் வைக்கும் பாட்டுகளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார். பிறகு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். பொழுது சாய்ந்த பிறகுதான் சினிமா. எது உயர்ந்த பாட்டு என்று அவரைக் கேட்டால் சிரிப்பார். எதற்குப் பின் எது என்பது மட்டுமே அவர் அறிந்தது. அதில் அவர் தவறுவதில்லை. வரிசை இருக்கிறது, தரவரிசை இல்லை.

3

தரவரிசை வானொலியோடு வந்தது. லண்டனில் 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்ற வாரப் பத்திரிகை சில இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசி செய்து, எது அதிகம் விற்றது என்று கேட்டு, 'முதல் பன்னிரண்டு' என்று ஒரு பட்டியலைப் பிரசுரித்தது. அது 1952 நவம்பர் 14. சரியாகப் பத்தொன்பது நாள் கழித்து, டிசம்பர் 3 அன்று, இலங்கை வானொலியில் ஒரு பற்பசைக் கம்பெனியின் செலவில் 'பினாகா கீத்மாலா' ஆரம்பமாகியது. இரண்டுக்கும் சம்பந்தம் ஏதும் இருக்கத் தேவையில்லை; காலம் ஒன்றையே இரு இடங்களில் கேட்டது.

இங்கே அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த ஆண்டு தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போயிற்று. ஒரு மந்திரி தரம் பார்த்து வரிசை வகுத்ததன் விளைவாக நேயர்கள் மொத்தமாகக் கடல் தாண்டிப் போனார்கள். முதல் கீத்மாலாவுக்கு 9,000 கடிதங்கள் வந்தன என்றும், வெகு சீக்கிரம் அது வாரத்துக்கு 65,000 ஆயிற்று என்றும் அமீன் சயானி பின்னாட்களில் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் அந்த நிகழ்ச்சியில் இட எண்கள் கிடையாது. 1954 வாக்கில்தான் பாட்டுகளுக்கு இடம் கொடுக்கப்பட்டது. கடை விற்பனையும் நேயர் சங்கங்களின் விருப்பமும் சேர்ந்து இடத்தை நிர்ணயித்தன. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டது. சர்க்கார் தோல்வியை ஒப்புக்கொண்டது என்று இதற்கு அர்த்தம். 1989-ல் கீத்மாலாவே அங்கு வந்து சேர்ந்தது.

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் கிட்டத்தட்ட அதே பசியைத்தான் தீர்த்தது. மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது - இவர்கள் குரல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கேட்டதுபோல சென்னை நிலையத்தார் குரல் கேட்டிருக்குமா என்பது சந்தேகம். அங்கே நேயர் விருப்பம் என்பது ஒரு சடங்கு. பாட்டைவிட அதைக் கேட்டவர்களின் பெயர்களும் ஊர்களும் முக்கியம். பெயரே கேள்விப்படாத சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பமே வரிசையாக அறிவிக்கப்படும். பிறகு மூன்று நிமிஷம் பாட்டு. அந்தப் பெயர்ப் பட்டியலைக் கேட்டவன் தன் ரசனைக்கு எங்கோ ஒரு கூட்டாளி இருக்கிறான் என்று தெரிந்துகொண்டான். பகிர்ந்துகொள்ளும் ஆசையும் மதிப்பிடும் ஆசையும் இரு வேறு ஆசைகள். இவை ஒன்றாகக் குழம்பிப்போனதில்தான் பின்னால் வந்த பல பட்டியல்கள் கெட்டன.

4

பாட்டை விட்டுத் தட்டுக்கு வருவோம். 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிஷம். பல தட்டுகளை உறைகளில் போட்டுப் புத்தகம்போலத் தைத்து விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அப்படி வந்தது. 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று எல்.பி. தட்டை வெளியிட்டதும் பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. அந்த இடத்தை என்ன செய்வது என்று ராக் இசைக்குப் புரிய ஏறத்தாழ பதினெட்டு வருஷம் ஆயிற்று. 1966, 67-ல்தான் தட்டு முழுவதும் ஒரே படைப்பு என்ற எண்ணம் உறுதிப்பட்டது. பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' அதன் கொடியாயிற்று.

நமக்கு அந்த எண்ணம் வரவில்லை. நம் அலகு பாட்டுதான். ஒரு சினிமாவின் ஐந்தாறு பாட்டுகள் கதைக்காகப் போடப்பட்டவை. அவற்றைச் சேர்த்து ஆல்பம் என்பது பிற்காலப் பழக்கம். 1986-ல் இளையராஜா தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்து வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' போன்ற ஒன்றிரண்டு விதிவிலக்குகளே உண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சான பீட்டில்ஸ் தட்டுகள் சென்னைக்கு வந்தன. பரங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் கல்லூரி விடுதிகளிலும் அவற்றுக்கு ஒரு சிறு வட்டம் இருந்தது. பரந்த தமிழ் சமூகத்தைப் பொறுத்தவரை தட்டு என்பது தொலைவில் இருந்த ஒரு வடிவம்.

1980களில் நமக்கென்று ஒரு வடிவம் கிடைத்தது. யாரும் அதை வடிவம் என்று கருதவில்லை. தாம்பரத்திலும் தஞ்சாவூரிலும் தெருவுக்கொன்றாய் ரிக்கார்டிங் கடைகள் முளைத்தன. வெறும் கேசட்டோடு, வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்திருக்கவேண்டும். கேசட் 60 நிமிஷம் அல்லது 90. அறுபதில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு அடங்கும். பதினான்காவது வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் ஒன்றை அடிக்கவேண்டும். அடித்தவன் மதிப்பிட்டவனாகிறான். தமிழர்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் செய்த ஒரே கறாரான விமர்சனம் அந்தத் துண்டுச் சீட்டு என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்கு விலை இருந்தது - காசாகவும், விட்டுக்கொடுத்த பாட்டாகவும். என் வயதுக்காரர்களுக்கு எல்லாத் தட்டும் காசில்லாமல் கணினியிலும் கைபேசியிலும் கிடைத்துவிட்டது. எதையும் அடிக்கவேண்டிய அவசியமில்லாதவன் போடும் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அவரவரே யோசித்துக்கொள்ளலாம்.

மேல்நாட்டுப் பட்டியல்களின் கதை இது. 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' எழுத்தாளர்கள் 1974-ல் தேர்ந்தபோது முதலிடம் 'சார்ஜென்ட் பெப்பர்'. பால் காம்பசினி 1978-ல் விமர்சகர்களைக் கேட்டுத் தொகுத்த புத்தகத்திலும் அதுவே. ஆனால் அதே வாரப் பத்திரிகை 1985-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1993-ல் பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' என்று முதலிடத்தை மாற்றிக்கொண்டே வந்தது. அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' 2003-ல் 500 தட்டுகளை வரிசைப்படுத்தியபோது 'சார்ஜென்ட் பெப்பர்' முதலாவது, 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆறாவது. 2020-ல் வாக்காளர்களைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டு மறுபடி எண்ணினார்கள். 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலாவது. 'சார்ஜென்ட் பெப்பர்' இருபத்துநாலாவது. தட்டுகளில் ஒரு ஸ்வரம் மாறவில்லை. எண்ணப்பட்டவர்கள் மாறினார்கள். 'எல்லாக் காலமும்' பதினேழு வருஷம் நீடித்தது.

இதனால் பட்டியல்கள் பொய் என்று முடிவுகட்டுவது சுலபம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். முந்தைய வாக்காளர்கள் பெரும்பாலும் ஒரே வயது, ஒரே நிறம், ஒரே பால். வியட்நாமிலிருந்து திரும்பி வந்த தம்பியின் கண்களால் தன் நாட்டைப் பார்க்கும் ஒரு கறுப்பரின் தட்டு அவர்களுக்கு நல்ல தட்டு, அவ்வளவுதான். அதைத் தங்கள் வாழ்க்கையாகக் கேட்டவர்கள் அறைக்குள் வந்ததும் அதன் இடம் தெளிந்தது. லண்டன் தமிழ்ப் பெண்ணான மாயா அருள்பிரகாசத்தின் 'கலா' - தாயின் பெயர்கொண்ட 2007-ஆம் ஆண்டுத் தட்டு - 2012 திருத்தத்தில் அந்த ஐநூறுக்குள் நுழைந்ததும் இப்படித்தான். சென்னையில் பதிவான உறுமிச் சத்தம் அந்தத் தட்டில் இருக்கிறது. உறுமியை நம் சபாக்களின் பட்டியல் எதிலாவது தேடிப் பார்க்கட்டும்.

5

இனி 2002. பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாம் ஆண்டை ஒட்டி, உலகத்தின் மிகப் பிரியமான பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டது. ஆயிரக்கணக்கான பாட்டுகள் முன்மொழியப்பட்டன. டிசம்பரில் முதல் பத்தை அறிவித்தார்கள். முதலாவது அயர்லாந்தின் பழைய தேசியப் பாட்டு, வுல்ஃப் டோன்ஸ் குழு பாடியது. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. நாலாவது 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு'. ஐந்தாவது திருமலைச் சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஆறாவது ஈராக்கியப் பாடகர் ஒருவருடையது, ஏழாவது நேபாளம். எட்டாவதில் ஷேர். ஒன்பதாவது 'சைய்ய சைய்யா'. பத்தாவதில்தான் ராக் தலைகாட்டுகிறது: குயீன் குழுவின் 'பொஹிமியன் ராப்ஸடி'. பத்தில் ஆறு தெற்காசியா. குயீனின் பாடகர் பாஞ்சகனியில் படித்த பார்சி என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஏழு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ராஜாவுக்கு உலக அங்கீகாரம் என்று இங்கே பெருமைப்பட்டோம். இன்றும் அந்த நாலாமிடம் மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. ஆனால் முதல் மூன்று இடங்களைப் பாருங்கள். மூன்றும் தேசத்தின் பெயர்கள். அயர்லாந்துக்காரர்கள் மின்னஞ்சல் அனுப்பி ஆள் திரட்டினார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. மற்றவர்கள் திரட்டவில்லை என்று யார் சொல்லமுடியும்? எண்ணுவதே பிழைப்பாக உள்ள ஒரு வங்கி குமாஸ்தா என்ற முறையில் ஒன்று சொல்வேன்: நோட்டுகளை எத்தனை தடவை எண்ணினாலும் தொகை தெரியும், அதைக் கொண்டுவந்தவனின் யோக்கியதை தெரியாது.

'ராக்கம்மா' மோசமான பாட்டு அல்ல. 1991-ல் வந்தது, வாலியின் வரிகள், பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடியது. தாரை தப்பட்டையோடு ஆட்டம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் எல்லாம் அடங்கி, தில்லைக் கூத்தனைப் பற்றிய அப்பரின் விருத்தம் ஒன்று பெண்குரல்களில் எழுகிறது. அது முடிந்து மறுபடி ஆட்டம். ஏழாம் நூற்றாண்டும் கடைசித் தெருவும் ஒரே தாளத்தில் சந்தித்துக்கொள்ளும் அந்த இடம் ராஜாவின் மேதைமைக்கு அத்தாட்சி. ஆனால் அவர் பாட்டுகளில் இதுதான் உச்சம் என்று அவருடைய ரசிகர்களே சொல்லமாட்டார்கள். வாக்களித்தவர்கள் அப்பரைக் கேட்டு வாக்களிக்கவில்லை. நாங்களும் இருக்கிறோம் என்று சொல்ல ஒரு பாட்டு வேண்டியிருந்தது. சத்தமாக இருந்ததைத் தேர்ந்தார்கள்.

ஐந்தாவது பாட்டைப் பற்றி இங்கே பேசியவர்கள் குறைவு. அது சினிமாப் பாட்டல்ல, ஈழத்துப் பாட்டு. பூவும் பிஞ்சும் ஏன் நடக்கின்றன என்று எந்த ஈழத்தமிழனையும் கேட்கத் தேவையில்லை. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்த வருஷம் அது. டொரண்டோவிலும் பாரிஸிலும் ஓஸ்லோவிலும் சிதறிக்கிடந்தவர்கள், இரவு 'தமிழோசை' கேட்டுப் பழகியவர்கள், அதே ஸ்தாபனம் பிரியமான பாட்டு எது என்று கேட்டதும் தங்கள் நடையைச் சொன்னார்கள். இது இசை மதிப்பீடா என்றால், இல்லை. ஆனால் அந்தப் பத்தில் எனக்கு உண்மையாகப் படும் வாக்கு அதுதான். மற்றவர்கள் தங்களிடம் இருந்த தேசத்தின் பெயரைச் சொன்னார்கள்; இவர்கள் இழந்த ஊரின் பெயரைச் சொன்னார்கள். இந்தக் குரலை இசைக்குக் கொடுத்த ஓட்டாகவே எண்ணி ஐந்து என்று இலக்கம் போட்டது அந்த வாக்கெடுப்பின் பேதைமை. நாலைக் கொண்டாடி ஐந்தைக் கேட்காமல் விட்டது நம்முடைய பேதைமை.

6

ஆக, பட்டியல் என்ற ஒரே பெயரில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. நான் இருக்கிறேன் என்று சொல்வது ஒன்று. அதற்கு வாக்கெடுப்பு போதும். என்னைப்போல் யார் இருக்கிறார்கள் என்று தேடுவது இன்னொன்று. அதற்கு நேயர் விருப்பம் இருந்தது. இது அதைவிட மேலானது என்று தன் பெயரில் சொல்லி, அதற்கான காரணத்தைச் சொல்லி, அதனால் வரும் விரோதத்தையும் ஏற்பது மூன்றாவது. கபிலர் கேட்டதும் க.நா.சு. செய்ததும் இந்த மூன்றாவது. முன்னூறு பேர் வாக்கைக் கூட்டிப் போடும் பட்டியலுக்கு விரோதி கிடையாது. அதனால் அதற்குப் பொறுப்பும் கிடையாது. க.நா.சு. காரணங்களைப் போதிய அளவு சொல்லவில்லை என்ற செல்லப்பாவின் குறை நியாயமானது. ஆனால் அலசிவிட்டு முடிவு சொல்லாமல் நழுவுகிறவர்கள் இன்று பல்கலைக்கழகங்களில் பெருகிவிட்டார்கள். அவர்களைவிட அவர் மேல்.

பிறரைக் குறைசொல்லிவிட்டு என் பட்டியலைச் சொல்லாமலிருப்பது சரியல்ல. ராக் தட்டுகளில் எனக்கு ஐந்து.

முதலாவது வான் மாரிஸனின் 'ஆஸ்ட்ரல் வீக்ஸ்' (1968). முன்பின் பழகாத ஜாஸ் வாத்தியக்காரர்களோடு ஒருசில அமர்வுகளில் பதிவானது. ஒரே சொல்லைத் திரும்பத்திரும்பச் சொல்லி அது சொல்லாக இல்லாமல் போகும்வரை கொண்டுபோகிறார். நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது புரியும். இரண்டாவது பாப் டிலனின் 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' (1966). இரட்டைத் தட்டின் கடைசிப் பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுக்கும் துணிச்சல். அந்தப் பாட்டு அதைத் தாங்கவும் செய்கிறது. மூன்றாவது 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ' (1967). ஜான் கேலின் வயோலா தம்பூராவைப்போல் இடைவிடாது இரைகிறது, ஆனால் சாந்தம் தருவதற்கு அல்ல, அதைக் கெடுப்பதற்கு. நாலாவது பீட்டில்ஸின் 'ரிவால்வர்' (1966). கடைசிப் பாட்டில் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு ஒரு புது உலகத்தையே கட்டிவிடுகிறார்கள். ஐந்தாவது டாக்கிங் ஹெட்ஸின் 'ரிமெயின் இன் லைட்' (1980). ஆப்பிரிக்கத் தாளத்தைக் கடன்வாங்கியதை மறைக்காமல், ஒரு நகரத்து மனிதனின் பதற்றத்தை அதன்மேல் ஏற்றிவைத்தது.

'சார்ஜென்ட் பெப்பர்' இதில் இல்லை. அதன் உறையும் உடுப்பும் முன்வைக்கும் எண்ணத்தைப் பாட்டுகள் சுமக்கவில்லை; கடைசிப் பாட்டு ஒன்றே விதிவிலக்கு. அது இருபத்துநாலுக்கு இறங்கியது சரி என்பேன், வாக்கு மாறியதற்காக அல்ல. 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஏன் இல்லை என்றால், அதை ராக் என்று சொன்னால் அதற்கும் நியாயமில்லை, ராக்குக்கும் நியாயமில்லை. அந்த இடத்தில் நான் தனிப்பாட்டுக்காரனின் வழியில் நிலத்தைப் பிரித்துக்கொள்கிறேன். சாமர்த்தியம் என்று யாராவது சொன்னால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐந்திலும் ஒரு பெண்ணின் தட்டு இல்லை, நிக்கோ பாடிய மூன்று பாட்டுகள் தவிர. ஜோனி மிச்சலின் 'புளூ'வுக்காக யாராவது வாதாட வந்தால் எந்தத் தட்டை அடிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அறுபது நிமிஷக் கேசட்டின் நியாயம் அதுதான்.